எத்தாளைக் கல்யாணப் படங்கள் தொலைந்தபோது

கைப்பையைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டினேன். சாவிக்கொத்து விழுந்தது, போன் சார்ஜர் விழுந்தது, கல்யாண வீட்டில் யாரோ திணித்துவிட்ட தொதல் இனிப்புத் துண்டு விழுந்தது, தலைவலி மாத்திரை விழுந்தது. நீலத் துணிப்பை மட்டும் விழவில்லை. பையை உட்புறம் வெளியே தெரியப் புரட்டி உதறினேன். கமராப் பையையும் கொட்டினேன். அதிலும் இல்லை.

எதையாவது இழந்தால் ஓதுகிற இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன் என்பதை வாய் சொல்லியது. மனம் சொல்லவில்லை. மனம், "யா அல்லாஹ், இது மட்டும் வேண்டாம்" என்று கத்திக்கொண்டிருந்தது.

சகோதரிகளே, அல்லாஹ் எனக்குச் செய்த உதவிகள் பல. இந்த ஒன்றை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. நான் அழகாகக் கேட்டவளல்ல. எரிச்சலோடும் சலிப்போடும், சண்டை பிடிப்பது போலக் கேட்டவள். அப்படிப்பட்டவளுக்கும் பதில் வந்தது.

என் பெயர் நஸ்ரியா. உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடையோடு வந்தவர்கள். நான் புத்தளத்தில் பிறந்து, புத்தளத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். தொழில் கல்யாணப் படம் எடுப்பது. பெண்கள் பகுதியை மட்டும்தான் எடுப்பேன். நம் வீடுகளில் இதற்கு ஒரு பெண் தேவைப்படுகிறாள். கதவைச் சாத்திய பிறகுதானே பெண்கள் முந்தானையை இறக்கிச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை எடுக்க ஆண் உள்ளே வர முடியாது.

நல்ல தொழில்தான். ஆனால் பொறுமையைச் சோதிக்கும் தொழில். மணப்பெண் எட்டு மணிக்கு ஆயத்தம் என்பார்கள். பத்தரைக்கும் தலைக்குப் பூ வந்திராது. நான் குறி பார்த்துக் கமராவைத் தூக்கினால் நாலு மாமிமார் போனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வருவார்கள். "கொஞ்சம் தள்ளுங்க மாமி" என்றால், "ஏன் புள்ள, நாங்களும் எடுத்தா என்ன?" என்று கோபித்துக்கொள்வார்கள். பிறகு அதே மாமி என்னிடம் வந்து, "எண்ட முகத்தக் கொஞ்சம் வெள்ளையாக்கி, கழுத்தக் கொஞ்சம் ஒல்லியாக்கித் தாங்க" என்பார். எல்லாவற்றுக்கும் சிரிக்க வேண்டும். சிரித்துச் சிரித்தே எனக்குத் தாடை வலி வந்துவிட்டது.

எத்தாளையில் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டது மணப்பெண் ஷிஃப்னா. அவளுடைய உம்மா ஹம்ஸியா ராத்தாவுக்குப் படம் எடுப்பதே விருப்பமில்லை. கல்யாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன் நான் போய் அவர் முன்னால் கதிரையில் உட்கார்ந்து வாக்குக் கொடுத்தேன். "ராத்தா, ஒரு அந்நிய ஆம்புளட கண்ணும் இதில படாது. எண்ட மாப்பிள்ளைக்கும் காட்ட மாட்டன். நானே எடுத்து, நானே திருத்தி, நானே உங்கட கையில தருவன்." அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். "அல்லாஹ்வ முன்னால வச்சிச் சொல்றீங்களா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

வியாழக்கிழமை கல்யாணம். கதவு சாத்தியதும் அந்த வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் இறக்கை முளைத்துவிட்டது. கை தட்டிப் பாடினார்கள். ஹம்ஸியா ராத்தாவே தலைத்துணியை எறிந்துவிட்டு, நரைத்த கூந்தல் அவிழ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதையும் எடுத்தேன். எடுத்த மெமரி கார்டுகள் எல்லாவற்றையும் என் நீலத் துணிப்பையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்தேன். வீட்டுக்குப் போய்த்தான் கணினியில் ஏற்றுவது என் வழக்கம்.

மத்தியானத்துக்குப் பிறகு கற்பிட்டியிலிருந்து வந்த பஸ்ஸில் எத்தாளைச் சந்தியில் ஏறினேன். மூச்சுவிட இடமில்லை. சட்டையும் பூப்போட்ட சீத்தைத் துணியும் உடுத்த ஒரு நடுவயதுப் பெண், காலடியில் இருந்த கருவாட்டுக் கூடையை ஒதுக்கி, தன் பக்கத்தில் எனக்கு இடம் தந்தார். உட்கார்ந்து மூச்சு வாங்கவில்லை, போன் அடித்தது. பைக்குள் கையைவிட்டுத் துழாவி எடுத்தேன். மணமகனின் மூத்த சகோதரி.

"பத்தே பத்துப் படம் இப்ப அனுப்புங்க தங்கச்சி. ஸ்டேட்டஸ் போடணும்."

"இப்ப ஏலாது ராத்தா. பஸ்ஸுல இரிக்கன்."

"அஞ்சு போதும்."

"ஏலாது ராத்தா."

"பொண்ணுட ஒரு படமாவது…"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "ஸ்டேட்டஸில போட்டா ஊர் ஆம்புளையெல்லாம் பாப்பாங்க! தலை மூடாத பொம்புளையள்ட படம். ஆம்புள கண் படாதெண்டு அல்லாஹ்வ முன்னால வச்சி வாக்குக் குடுத்திரிக்கன். அஞ்சும் இல்ல, ஒண்டும் இல்ல!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கத்தில் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். பாலாவியில் அந்தக் கருவாட்டுக்காரப் பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் புத்தளத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். வந்துதான் பையைக் கவிழ்த்தேன்.

என் கணவர் ஃபரீத் தரைக்கு மாபிள் பதிக்கும் வேலை செய்பவர். நல்ல மனிதர். ஆனால் அன்றைக்கு அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எங்க வச்ச?"

"வச்ச இடம் தெரிஞ்சா அது தொலைஞ்சதா?" என்று பாய்ந்தேன். மனிதர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனார். நடத்துநரைக் கண்டுபிடித்து, பஸ்ஸுக்குள் ஏறி, இருக்கைகளுக்குக் கீழே படுத்துத் தேடிவிட்டு, சட்டையெல்லாம் அழுக்காகத் திரும்பி வந்தார். இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படியோ எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. ஒருத்தி வந்து, மை போட்டுப் பார்க்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், போவோமா என்றாள். அஸ்தஃபிருல்லாஹ் என்று அனுப்பினேன். இன்னொருத்தி, இன்ன திக்ரை இத்தனை ஆயிரம் தடவை ஓதினால் தொலைந்தது நடந்து வரும் என்றாள். பக்கத்து வீட்டு மாமி வாசலில் நின்றே தீர்ப்புச் சொன்னார். "படம் எடுக்கிறது கூடாது, கூடாதெண்டு நான் தலைப்பாடா அடிச்சன். இப்ப பாத்தியா? அல்லாஹ் காட்டிட்டான்."

அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. இரண்டு நேரச் சோற்றையே கூலியாக்கித் தன் மகளின் கல்யாணத்துக்கு என்னைப் படமெடுக்கச் சொன்னதும் இதே மாமிதான். ஆனாலும் உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. இது தண்டனைதானோ? அந்தப் படங்கள் இந்நேரம் எவனுடைய போனில் இருக்கின்றனவோ? யாராவது போன் வேலை செய்யும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால்? ஷிஃப்னாவுக்குக் கல்யாணமாகி ஒரு நாள்தான். அவளுடைய மாப்பிள்ளைக்கே யாராவது அனுப்பி வைத்தால்?

மணமகனின் ராத்தா வேறு போனை விடவில்லை. காலையில் ஒருமுறை, ஜும்ஆவுக்குப் பிறகு ஒருமுறை. "படம் எப்ப வரும்?" என்ற கேள்வி அன்று என் காதில் இடி மாதிரி விழுந்தது.

தொழுதேன். இரண்டு ரக்அத், மறுபடி இரண்டு ரக்அத். நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதில் கிடந்து கேட்டேன். "யா அல்லாஹ், யாருக்கும் தெரியாமல் அதை என் கைக்குக் கொண்டுவந்து தா. என் பெயர் கெடாமல் காப்பாற்று. எனக்கு வேறு தொழில் தெரியாது. உனக்கு முன்னால் வாக்குக் கொடுத்தேனே, நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்?" கேட்டேன் என்பதைவிட, முறைப்பாடு வைத்தேன் என்பதுதான் சரி. தொழுதுவிட்டு எழும்போதெல்லாம் போய்க் கைப்பையை இன்னொரு தடவை உதறுவேன். வானத்திலிருந்து அதற்குள் விழுந்திருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

சனிக்கிழமையும் அப்படியே போனது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். அழுவதற்கும் சக்தி இல்லை. வழக்கம்போல, "என் பெயரைக் காப்பாற்று" என்று தொடங்கினேன். அந்த இடத்தில் வாய் நின்றுவிட்டது.

என் பெயர், என் தொழில், என் வாக்கு. இரண்டு நாட்களாக இதையேதான் கேட்டிருக்கிறேன். கண்ணுக்கு முன்னால் அந்தப் பெண்கள் வந்தார்கள். மூலையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அந்தச் சின்னத் தாய், என் கமராவைக் கண்டும் மறைக்காமல் சிரித்தாளே. ஹம்ஸியா ராத்தாவின் நரைத்த கூந்தல். அவர்கள் எல்லாரும் கதவு சாத்தியிருக்கிறது என்று நம்பியல்லவா சிரித்தார்கள்? நான் அவர்களுக்காக ஒரு சொல்லாவது கேட்டேனா?

அப்போதுதான் துஆ மாறியது. "யா அல்லாஹ், அந்தப் பெண்களின் மானத்தைக் காப்பாற்று. எனக்குத் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை. உப்பளத்தில் விழுந்து கரையட்டும், களப்பில் விழுந்து மூழ்கட்டும். ஒரு அந்நியக் கண் படாமல் இருந்தால் எனக்குப் போதும். என் பெயர் போனால் போகட்டும்."

தங்கள் துஆ பலித்ததைச் சாட்சி சொல்பவர்கள் இந்த இடத்தில், மனம் பஞ்சு மாதிரி இலேசாகிவிட்டது என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. பாரம் கூடித்தான் போனது. அவர்களுக்காகக் கேட்டுவிட்டு அவர்களிடமே மறைத்து வைத்திருக்க முடியாது என்று விளங்கியது. எத்தாளைக்குப் போக வேண்டும். ஹம்ஸியா ராத்தாவிடம் என் வாயாலேயே சொல்ல வேண்டும். இதைவிட அந்தப் படங்களைத் தேடிக் கடலில் குதிக்கலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஃபரீத் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். அந்தப் பாதையில் அடிக்கிற காற்றில் என் நீள ஹபாயா அங்கி பாய்மரத் துணி மாதிரி விரிந்து என்னை இழுத்தது. திரும்பிப் போ என்று சொல்வது போலிருந்தது. வெங்காயத் தோட்டத்தைத் தாண்டி, அந்த வீட்டு ஒழுங்கை முனையில் இறங்கினேன்.

"சத்தம் கேட்டா நான் உள்ள வரவா?" என்று கேட்டார்.

"சத்தம் கட்டாயம் கேக்கும். நீங்க வராதீங்க."

வீட்டில் கல்யாணத்துக்கு வந்த உறவுப் பெண்கள் இன்னும் இருந்தார்கள். ஷிஃப்னாவும் அன்று உம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். "அல்பம் இவ்வளவு கெதியா வந்திட்டா?" என்று சந்தோஷமாக எழுந்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். "ராத்தா, படங்கள் இருந்த பை பஸ்ஸுல தொலைஞ்சு போச்சு. இன்னும் கிடைக்கல்ல. நீங்க எனக்கு என்ன சொன்னாலும் சரி."

ஹம்ஸியா ராத்தா எழும்பினார்.

"எண்ட தலமயிர எண்ட சொந்த மச்சான்மாரே கண்டதில்ல! இப்ப புத்தளம் முழுக்கப் பாக்கப் போகுது! நான் அண்டைக்கே சொன்னன், படம் வேணாம், வேணாமெண்டு. கேட்டாங்களா? அல்லாஹ்வ முன்னால வச்சிச் சத்தியம் செஞ்சிட்டு, பஸ்ஸுல போட்டுட்டு வந்து நிக்கிறீங்க!"

சுற்றியிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி பொலிசுக்குப் போக வேண்டும் என்றாள். இன்னொருத்தி, பொலிசுக்குப் போனால் அவர்களும் பார்ப்பார்களே என்றாள். அப்படியே அவர்களுக்குள் ஒரு சண்டை. ஒரு மாமி மட்டும், "நான் அதில எத்தின படத்தில இரிக்கன்?" என்று என்னைத் தனியாகக் கேட்டார். நான் தலையைக் குனிந்து நின்றேன். உள்ளுக்குள், யா அல்லாஹ், நான் வந்து சொல்லிவிட்டேன், இனி உன் பாடு என்றேன்.

ஷிஃப்னாதான் மெல்ல வாயைத் திறந்தாள். "உம்மா, அவ சொல்லாம மறைச்சிருக்கலாம். கமரா பழுதாப் போச்செண்டு பொய் சொல்லியிருக்கலாம். வந்து சொன்னா தானே."

"சொன்னா படம் வந்திடுமா?" என்று உம்மா அவள் மீதும் விழுந்தார்.

அந்த நேரம் வாசலில், "வீட்டுக்காரங்க… வீட்டுக்காரங்க…" என்று ஒரு குரல். உள்ளே இருந்த ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "கற்பிட்டி பஸ்ஸுல கருவாட்டோட போற அக்கா" என்றாள்.

"கருவாடு வேணாமெண்டு சொல்லு!" ஹம்ஸியா ராத்தா கத்தினார்.

குரல் போகவில்லை. மறுபடியும் கூப்பிட்டது.

"கருவாடு வேணாம், போங்க! இங்க ஒரு மௌத்து வீடு மாதிரி இரிக்கி, இதுக்குள்ள கருவாடு!"

"அனே, நான் கருவாடு விக்க வரல்ல. வியாழக்கிழம கல்யாணத்தில போட்டோ எடுத்த நோனாவத் தேடி வந்தன்."

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பஸ்ஸில் எனக்கு இடம் தந்த அதே பெண். அன்று கூடை இல்லை. மாதா கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வியர்வையில் நனைந்திருந்தார். மடியிலிருந்து கைக்குட்டையால் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். என் நீலத் துணிப்பை.

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பெயர் ரோஸ்லின். சிலாபம் பக்கத்தவர். கற்பிட்டியில் கருவாடு வாங்கிப் போய்ச் சந்தையில் விற்கிறவர். நான் போனை எடுக்கக் கையைவிட்டுத் துழாவியபோது பை நழுவி அவருடைய கூடைக்குள், கருவாட்டை மூடியிருந்த சாக்குக்கு அடியில் விழுந்திருக்கிறது. சனிக்கிழமை சந்தையில் கூடையைக் கொட்டியபோதுதான் கண்டாராம்.

"யாராவது பாத்தாங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"மகன் கேட்டான், தாங்க அம்மா, போனுல போட்டுப் பாத்து ஆளக் கண்டுபிடிப்பம் எண்டு. நான் குடுக்கல்ல. நீங்க பஸ்ஸுல போனுல சண்டை பிடிச்சீங்க தானே, ஆம்புள கண் படக் கூடாதெண்டு? முழு பஸ்ஸுக்கும் கேட்டிச்சு. அவனுக்கு எட்டாம எங்கட மாதா சுரூபத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சன். இண்டைக்குப் பூசை முடிஞ்ச கையோட பஸ் ஏறினன். நீங்க ஏறின சந்தியில இறங்கி, கல்யாண வீடு எதெண்டு கேட்டுக் கேட்டு வந்தன்."

மகன் பார்க்கவில்லை. ஒருவரும் பார்க்கவில்லை. மானத்துக்காகக் குர்ஆன் புகழ்ந்த மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களை மாதா என்று சொல்லி அந்தப் பெண் வணங்குகிற இடத்தில், நம் பெண்களின் படங்கள் ஓர் இரவு பத்திரமாக இருந்திருக்கின்றன. நான் களப்பில் போட்டாலும் சரி என்று கேட்ட அதே சனிக்கிழமை! என் பெயரை விட்டுவிட்டு அவர்களுடைய மானத்தைக் கேட்ட அதே நாள்! நான் போகட்டும் என்று விட்ட என் பெயரையும் சேர்த்து அவன் தந்துவிட்டான். அல்ஹம்துலில்லாஹ்.

எங்கே போனாலும் தோளில் கிடக்கும் கமராவில் கார்டுகளைப் போட்டுப் பார்த்தேன். கருவாட்டு நெடி வீசியதே தவிர எல்லாம் நன்றாக இருந்தன. பெண்கள் என் தோளுக்கு மேலால் முண்டியடித்தார்கள். ஹம்ஸியா ராத்தாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். கூந்தல் அவிழச் சிரிக்கிற தன் படத்தைச் சின்னத் திரையில் நெடுநேரம் பார்த்தார். எனக்கு ஒரு நன்றி வரும் என்று நினைத்தேன்.

"என்ன புள்ள, நான் இவ்வளவு குண்டா?" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அது தாடை வலிக்காத சிரிப்பு. பிறகு ராத்தா என் கையைப் பிடித்தார்.

ரோஸ்லின் அக்காவை உள்ளே கூப்பிட்டு வட்டிலப்பம் வைத்தார்கள். சேலை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார் ராத்தா. அக்கா தொடவில்லை. போக எழும்பும்போது என்னை வேலி ஓரம் கூட்டிப் போனார். அதுவரை பஸ்ஸே கேட்கப் பேசுகிற பெண், குரலைத் தாழ்த்தினார்.

"நோனா, எனக்கு ஒரு உதவி செய்வீங்களா? எண்ட மூத்த மகள் டிலானி, அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவ. கன மாசமாப் போன் எடுக்கிறா இல்ல. அனுப்பின ஆளும் ஒண்டும் சொல்றான் இல்ல. நான் மாதாவிட்ட ஒவ்வொரு நாளும் கேக்கிறன். நீங்களும் கேளுங்க. அங்க எல்லாரும் அரபில தானே கதைக்கிறாங்க. நீங்களும் அரபில தானே கேக்கிறீங்க?"

தலையை ஆட்டினேன். அவர் என் கன்னத்தைத் தொட்டுவிட்டுச் சந்தியை நோக்கி நடந்தார். தொட்ட அந்தக் கையில் இன்னும் கருவாட்டு மணம்.

என் வாழ்க்கை மாறியதா என்று கேட்பீர்கள். தொழிலில் மாறியது உண்மைதான். இப்போது கார்டுகளைக் கழுத்தில் மாட்டிய பையில் ஹபாயாவுக்குள் வைத்திருக்கிறேன். கல்யாண வீட்டை விட்டு இறங்கும் முன்பே இன்னொரு பிரதியும் எடுத்துவிடுகிறேன். நம்பிக்கை வைப்பது வேறு, கவனக்குறைவு வேறு. எரிச்சல் மட்டும் மாறவில்லை. மாமிமார் இன்னும் குறுக்கே வருகிறார்கள், நான் இன்னும் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் தொழுகைப் பாயில் உட்கார்ந்தால், என் பெயருக்கு முன்னால் வேறு பெயர்கள் வந்துவிடுகின்றன.

உங்களில் யாராவது ஏதாவது ஒன்றைத் தொலைத்துவிட்டு, கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் இருந்தால், கேட்பதை விடாதீர்கள். அழகான வார்த்தை வரவில்லையா? வருகிற வார்த்தையில் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடு கேளுங்கள். நம் முகத்தை அவன் அறியாதவனா? கேட்கும்போது உங்களோடு சேர்ந்து அழுகிற இன்னொருவரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஒவ்வொரு நாளும் விடிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு டிலானி என்ற பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். சில நாட்களில் ரோஸ்லின் அக்கா போன் எடுத்து, "கேட்டீங்களா?" என்பார். "கேட்டன் அக்கா" என்பேன். இந்தத் துஆவுக்கு இன்னும் பதில் வரவில்லை. அதனால்தான் இதை எழுதினேன். நான் ஒருத்தி கேட்பது போதாது.

சகோதரிகளே, அந்தப் பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும், எந்தக் கதவு அவளுக்குச் சாத்தியிருந்தாலும், அவளுடைய குரல் அவளுடைய தாயின் காதில் விழட்டும். ஒரு முறை கையை உயர்த்துங்கள். ஆமீன் சொல்லுங்கள்.